பகலில் தூங்கும் பச்சோந்தி

பச்சோந்தி வளர்க்கிறோம் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "கலர் மாறுமா?" மாறும். மாறிக்கொண்டேதான் இருக்கும். அதனாலேயே அதற்கு உடம்பு முடியவில்லை என்பதைக் கண்டுபிடிக்க நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். என் கணவரோடு வேலை செய்யும் ஒருவர் வீட்டில் ஒரு பெண் பச்சோந்தி இருக்கிறது. கொஞ்ச நாள் முன்னால் அதன் படத்தை அனுப்பி, "இவ்வளவு அழகா இது இருந்ததே இல்லை, பாருங்க" என்று எழுதியிருந்தார். கரும்பச்சை உடம்பில் மஞ்சளும் நீலமுமாகப் பொட்டுகள், உண்மையிலேயே அழகுதான். அடுத்த வரியில், சாப்பிடுவதை நிறுத்தி நாலைந்து நாள் ஆகிறது, கூண்டின் தரையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது, இப்போது சும்மா உட்கார்ந்திருக்கிறது, பரவாயில்லையா என்று கேட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் ஜன்னலில் நல்ல வெயில், அதற்கு இரண்டு கண்ணும் மூடியிருந்தது. உடனே ஃபோன் போட்டேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது ஆண். பெயர் பச்சையப்பன். வைத்தவர் என் கணவர், அவர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. யேமனும் சவூதியின் தென்மேற்கு மூலையும் இந்த இனத்துக்குச் சொந்த ஊர். இங்கே அமெரிக்காவில் வெய்ல்டு கமீலியன் என்ற பெயரில் விற்கிறார்கள், தலையில் துடுப்பை நிமிர்த்தி வைத்ததுபோல உயரமான கொண்டை இருக்கும். நாங்கள் மிச்சிகனில் இருக்கிறோம். சென்னைக்கே திரும்பிப்போன ஒரு குடும்பம், பையனுக்கு வாங்கிக்கொடுத்ததை விமானத்தில் கொண்டுபோக முடியாமல் கூண்டோடு எங்களிடம் விட்டுவிட்டுப் போனது. விஷயத்தைக் கேட்ட என் அம்மா, "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையா இருக்கே" என்று ஃபோனில் சிரித்தார். பழமொழி இவ்வளவு நேராகப் பொருந்தியது எனக்கு அதுதான் முதல் தடவை.

வந்தபோதே அதன் முன்னங்கைகள் நேராக இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. கிளையைப் பிடிக்கும் பிடியில் அழுத்தமே இல்லை; நல்ல பச்சோந்தி கையில் ஏறினால் விரலைக் கிள்ளிப் பிடிப்பது தெரியும், இது சும்மா தொட்டுக்கொண்டு நின்றது. தீனிக்கென்றே விற்கும் டூபியா கரப்பான் ஒன்றைக் கிண்ணத்தில் போட்டு நீட்டினேன். இரண்டு கண்ணும் முன்னால் திரும்பி ஒரே இடத்தில் குத்திட்டு நின்றன, வாய் மெதுவாகத் திறந்தது, நாக்கு நுனி எட்டிப் பார்த்தது, எல்லாம் சரிதான். ஆனால் பாய்ந்த நாக்கு பாதித் தூரத்திலேயே விழுந்து, நைந்த ரப்பர் பேண்ட் மாதிரி தாடைக்குக் கீழே தொங்கியது. அதை உள்ளே இழுத்துக்கொள்ள அது பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. அப்புறம் கரப்பானைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாக்குதான் பச்சோந்தியின் பிழைப்பே. உடம்பைவிட நீளமாக நீளும். இரையை ஒட்டிக்கொள்கிற எச்சில் நம் எச்சிலைவிட 400 மடங்கு பிசுபிசுப்பு என்று 2016-ல் அளந்து சொன்னார்கள். நாக்கு வெளியே பாய்வது முன்கூட்டியே இழுத்து வைத்த மீள்திசுக்களின் விசையால், திரும்பி வருவது தசையின் பலத்தால். இதே யேமன் இனத்தை வைத்து அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2010-ல் வந்தது: குளிரில் நாக்கு வெளியே போகும் வேகம் அதிகம் குறைவதில்லை, உள்ளே இழுக்கும் வேகம்தான் நன்றாகக் குறைகிறது. அதனால் காலையில், விளக்குச் சூடு ஏறுவதற்கு முன்னால், நாக்கு மெதுவாக உள்ளே போனால் பயப்பட வேண்டாம். உடம்பு சூடான பிறகும் குறி தவறுகிறது, தூரம் குறைகிறது, தொங்குகிறது என்றால் அது வேறு கதை. எங்கேயாவது மோதிச் சுளுக்கியிருக்கலாம், வாய்க்குள் புண் இருக்கலாம், பெரும்பாலும் கால்சியம் குறைந்திருக்கும்.

பச்சையப்பனுக்குக் கால்சியம்தான். எக்ஸ்ரேயில் எலும்புகள் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியாமல் பக்கத்துத் தசையோடு கரைந்த மாதிரி தெரிந்தன. டாக்டர் விளக்கியது இதுதான். உணவிலிருந்து கால்சியத்தை உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும். அதைப் பச்சோந்தியின் தோல் தயாரிக்க வெயிலில் இருக்கும் யூவிபி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் ரத்தத்தில் கால்சியம் இறங்கும், உடனே பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். இதயமும் தசையும் ஓடியாக வேண்டுமே. எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகி, தன் எடையைத் தானே தாங்க முடியாமல் வளைகிறது. தாடை ரப்பராகிறது, விரல்கள் நடுங்குகின்றன, ஏறத் தெரிந்த பிராணி தரையில் ஊர்கிறது. அந்தக் கூண்டில் இருந்த விளக்கு ஏதோ சின்ன சுருள் பல்பு. கடையில் "இதுவே போதும்" என்றார்களாம். மிச்சத்துக்குக் கூண்டை ஜன்னல் ஓரம் வைத்து வெயில் காட்டியிருக்கிறார்கள், பாவம். ஜன்னல் கண்ணாடி யூவிபியைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தடுத்துவிடும், வெளிச்சமும் சூடும்தான் உள்ளே வரும். நல்ல நீளக் குழல் விளக்கு வாங்கினாலும் அதன் யூவிபி நம் கண்ணுக்குத் தெரியாமல் குறைந்துகொண்டே போகும். பளிச்சென்று எரிகிறதே என்று இருந்துவிடாமல், அட்டையில் எழுதிய காலம் முடிந்ததும், பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள், மாற்றிவிட வேண்டும்.

கால்சியம் மருந்தை வாய்வழியே கொடுத்தோம், விளக்கை மாற்றினோம், கிளைகளைத் தாழ்வாகக் கட்டினோம், விழுந்தால் எலும்பு முறியாமல் இருக்க. வளைந்த கை நிமிரவில்லை, நிமிராது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். ஆனால் பிடி வந்துவிட்டது, நாக்கும் வந்துவிட்டது.

சரி, நிறத்துக்கு வருவோம். பச்சோந்தியின் தோலில் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றின் இடைவெளி கூடக் குறைய, திருப்பி அனுப்பும் ஒளியின் நிறம் மாறுகிறது. ஜெனீவா பல்கலைக்கழகத்தில் மடகாஸ்கர் பேந்தர் கமீலியனை வைத்து 2015-ல் இதைக் காட்டினார்கள். அதற்கு முன்புவரை நிறமி பரவுவதும் சுருங்குவதும்தான் முழுக் காரணம் என்று நினைத்திருந்தார்கள். இந்த நிறமாற்றத்துக்கு ஆயிரம் காரணம். காலையில் குளிர்ந்திருந்தால் சூட்டை வாங்கிக்கொள்ள ஒரு பக்கத்தை மட்டும் கறுப்பாக்கி விளக்குக்குக் காட்டும். இரவில் வெளிறிவிடும். கண்ணாடியில் தன்னையே பார்த்துவிட்டால் வரிவரியாக நிறம் காட்டும். என் நாத்தனார் சிவப்புச் சேலையோடு வந்த அன்று ஒரு மணி நேரம் கறுப்பாகவே இருந்தது, சேலைதான் காரணமா நாத்தனாரா என்று எனக்குத் தெரியாது. நாள் கணக்கில் மங்கலாகவோ கருமையாகவோ இருந்து, கூடவே வேறு அறிகுறியும் சேர்ந்தால் நிறத்தையும் கணக்கில் எடுங்கள். அதுவரைக்கும் கண்ணைப் பாருங்கள்.

பகலில் பச்சோந்தி தூங்காது. இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால்கூடப் போதும். விழித்திருக்கும்போது கூம்பு மாதிரி துருத்திய அந்த இரண்டு கண்களும் ஓயாமல், ஒன்று மேலே ஒன்று பின்னால் என்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விளக்கு எரிகிற நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்றால், அது எந்த நோய் என்று உங்களால் சொல்ல முடியாவிட்டாலும், டாக்டருக்கு ஃபோன் செய்யும் நேரம் வந்துவிட்டது. இதில் இரண்டு விலக்கு உண்டு. சில பச்சோந்திகள் கையில் எடுத்தால் பயத்தில் கண்ணை மூடும். அதனால் கையில் வைத்துக்கொண்டு பரிசோதிக்காதீர்கள், அறைக்கு வெளியே நின்று அதற்குத் தெரியாமல் பாருங்கள். இன்னொன்று, கண்ணைச் சுத்தம் செய்ய அந்தக் கூம்பை அப்படியே உப்பவைத்துக் கிளையில் தேய்க்கும், முதல் தடவை பார்த்தால் நமக்கு உயிரே போய்விடும், ஆனால் கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆகிவிடும். ஒரு நாளுக்கு மேல் வீக்கம் நின்றால் அது கிருமியாகவோ, வைட்டமின் ஏ குறைவாகவோ, உள்ளே மாட்டிய தூசியாகவோ இருக்கலாம். கண் உள்ளே குழிந்துபோயிருந்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது ரொம்ப நாளாகவே உடம்பு சரியில்லை.

எங்கள் வீட்டில் இந்தக் கண் வைத்தியத்தில் கெட்டிக்காரர் என் மாமியார். 2023 பிப்ரவரியில் வந்த உறைமழைப் புயல் மிச்சிகன்காரர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், மரக்கிளைகள் பனிக்கட்டி கனம் தாங்காமல் கம்பிகள் மேல் முறிந்து விழுந்து லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கரண்ட் போனது. எங்கள் வீட்டுக்கும் போனது. ஹீட்டர் இல்லை, கூண்டு விளக்கும் இல்லை. அத்தை அப்போது நாத்தனார் பிரசவத்துக்காக வந்திருந்தார். இரவில் வெப்பம் இறங்குவது இந்த இனத்துக்குப் பழக்கம்தான், மலை ஊர் இனம், ஆனால் பகலிலும் சூடு ஏறாமல் போனால் அதன் எதிர்ப்பு சக்தியே படுத்துவிடும். கரண்ட் வந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் மதியம் அத்தை அலுவலக நேரத்தில் மாடிக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, இவன் இன்னிக்கு என்னமோ போல இருக்கான்."

"என்ன அத்தை, சாப்பிடலையா?"

"காலையில ரெண்டு பூச்சி சாப்பிட்டான். ஆனா ஒரு கண்ணை மூடி மூடித் திறக்கறான். மூஞ்சிய வானத்தப் பாத்து வெச்சிருக்கான். எப்பவும் நான் ஹிந்து பேப்பரை ஐபேட்ல படிக்கும்போது என்னயே முறைச்சுக்கிட்டு இருப்பான், இன்னிக்குக் கண்டுக்கவே இல்ல."

கூண்டுக்கு எதிர் சோபாவில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருவர்தான். வெளியே போக முடியாத குளிர், கார் ஓட்டத் தெரியாது, சீரியல் சாயங்காலம்தான். எத்தனை மணிக்கு எந்தக் கிளைக்கு அது போகும், எப்போது தண்ணீர் நக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இணையத்தில் இருக்கும் நோய் அறிகுறிப் பட்டியல்களைவிட இதுதான் பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். நோயைக் காட்டிக்கொள்ளும் பச்சோந்தியைக் காட்டில் பறவையோ பாம்போ முதலில் தூக்கிவிடும், அதனால் முடிந்தவரை ஒன்றுமில்லாத மாதிரியே நடிக்கும். அந்த நடிப்பில் முதலில் இடறுவது அதன் அன்றாட வழக்கம்தான். வழக்கம் தெரிந்தவருக்குத்தான் அந்த இடறல் தெரியும்.

நான் கீழே போய்க் கூண்டுக்குப் பக்கத்தில் காதை வைத்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் மெல்லிய "டிக்" சத்தம். வாய் ஓரத்தில் ஒரு சின்னக் குமிழி. சூடு அதிகமாகும்போதும் பச்சோந்தி வாயைத் திறக்கும், அது வேறு: விளக்குக்கு நேர் கீழே இருக்கும், நகர்ந்ததும் வாயை மூடிவிடும், சத்தமோ சளியோ இருக்காது. இது விளக்கிலிருந்து தள்ளி இருந்தும் மூக்கைத் தூக்கி, வாயைப் பிளந்து, வயிறு குழிய மூச்சு வாங்கியது. ஊர்வனவற்றுக்கு நமக்கு இருப்பதுபோல உதரவிதானத் தசை இல்லை, அதனால் சளியை இருமித் தள்ள முடியாது. நுரையீரலில் கோத்துக்கொண்டது அங்கேயே கிடக்கும். தலையைத் தூக்குவது காற்றுப் பாதையை நேராக்கிக்கொள்ளத்தான்.

"ஜுரம் இருக்கான்னு பாரேன்" என்றார் அத்தை. அதற்கு ஜுரம் நம்மைப் போல வராது, உடம்புச் சூடு விளக்கைப் பொறுத்தது என்றேன். ஆனால் அவர் கேட்டது அவ்வளவு தவறும் இல்லை. கிருமி தாக்கிய பாலைவன இகுவானாக்கள் தாங்களாகவே அதிகச் சூடான இடத்தைத் தேடிப் போய் உட்காரும் என்று 1970-களிலேயே காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் நோய்ப்பட்ட பிராணிக்கு வழக்கமான சூடான இடமும், விலகிப்போகக் குளிர்ந்த இடமும் இரண்டும் இருக்க வேண்டும். பயத்தில் கூடுதல் விளக்கைப் போட்டுக் கூண்டையே அடுப்பாக்கக் கூடாது. எங்களுக்குச் சொன்னது விளக்கடியில் 85 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட 29 செல்சியஸ். "தைலம் கொஞ்சம் கூண்டுல தடவி விடலாமா?" என்பது அத்தையின் அடுத்த யோசனை. அன்பில்தான் கேட்டார். ஆனால் கற்பூரம், யூகலிப்டஸ் வாடையெல்லாம் ஏற்கெனவே திணறும் நுரையீரலுக்கு இன்னொரு அடி.

எக்ஸ்ரே எடுத்தார்கள், வாயிலிருந்து சளி எடுத்து எந்தக் கிருமி என்று பார்க்க அனுப்பினார்கள், முடிவு வரும்வரை காத்திருக்காமல் செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடங்கிவிட்டார்கள். மூன்று நாளுக்கு ஒரு ஊசி, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். கரைத்துவிட்டால் சீக்கிரம் கெட்டுவிடும் மருந்து என்பதால் அளந்து நிரப்பிய ஊசிகளை ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார்கள். துருவின தேங்காய் டப்பாவுக்கும் ஃப்ரோசன் பரோட்டாவுக்கும் நடுவில் பச்சையப்பனின் ஊசிகள் இருந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து இளக்கி, என் கணவர் அதைத் துண்டில் பிடித்துக்கொள்ள, நான் முன்னங்கைத் தசையில் போடுவேன். பின்பாதியில் போட்டால் மருந்து முதலில் சிறுநீரகம் வழியாகப் போகலாம் என்பதால் முன்பாதியில்தான் போடுவது வழக்கமாம். முதல் ஊசி போட்டபோது அது சீறியது. ஒரு பச்சோந்தி சீறியதற்கு யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள், சீற மூச்சு இருக்கிறதே. ஊசி போட்ட இடம் கறுப்புப் புள்ளியாக நின்றுவிட்டது. குமிழி நின்று, சத்தம் நின்ற பிறகும் டாக்டர் சொன்ன கடைசி ஊசிவரை போட்டோம்.

இப்போது அந்தப் பெண் பச்சோந்தி. ஆண் துணையே இல்லாமல் தனியாக வளரும் பெண்ணும் முட்டை வைக்கும், கோழி மாதிரியேதான், கருவில்லாத முட்டை. இது தெரியாமலேயே நிறையப் பேர் வாங்கிவிடுகிறார்கள். வயிற்றில் முட்டை சேர்ந்தால் யேமன் இனப் பெண்ணுக்கு அந்தக் கரும்பச்சையும் மஞ்சள், நீலப் பொட்டுகளும் வரும். ஆணைப் பார்த்து "கிட்டே வராதே" என்று சொல்லும் வேஷம் அது, நம் நண்பர் அதைத்தான் அழகு என்று படம் எடுத்து அனுப்பினார். முட்டை வைக்கும் முன் சாப்பாடு குறையும், கீழே இறங்கித் தோண்ட இடம் தேடும். இதுவரை எல்லாம் இயல்புதான். ஆனால் அந்தக் கூண்டின் தரை வெறும் பிளாஸ்டிக். தோண்ட ஈரமான, சரியாமல் நிற்கும் மணல் ஓரடி ஆழத்துக்காவது வேண்டும், தோண்டும்போது யாரும் பார்க்கவும் கூடாது, பார்த்தால் பாதியில் விட்டுவிட்டு ஏறிவிடும். இடம் கிடைக்காமல் முட்டையை அடக்கிக்கொண்டே இருந்தால், அல்லது கால்சியம் போதாமல் தள்ள பலமில்லாமல் போனால், உள்ளேயே தங்கிவிடும். சுறுசுறுப்பாக அலைந்தது திடீரென்று ஓய்ந்து கண்ணை மூடினால் அதற்கு மேல் ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போடக் கூடாது. எக்ஸ்ரேயில் நாற்பதுக்கு மேல் முட்டை. நீர் ஏற்றி, கால்சியம் கொடுத்துப் பார்த்தும் நகராமல் அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். பிழைத்துவிட்டது. மங்கலான வெறும் பச்சைக்குத் திரும்பிவிட்டது, அதைப் பார்த்து இப்போது நண்பர் நிம்மதியாக இருக்கிறார். பெண் வளர்ப்பவர்கள், வளர்ந்த பிறகு தீனியை அளந்து கொடுப்பதும் கூண்டைக் கொஞ்சம் மிதமான சூட்டில் வைப்பதும் முட்டை எண்ணிக்கையைக் குறைக்கும் என்பதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். மணல் வாளி எப்போதுமே உள்ளே இருக்கட்டும்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. சமையலறை கிராம் தராசு ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள் (தனியாக என்பதை இரண்டு தடவை படிக்கவும், பச்சோந்திகள் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், குழந்தைகள் உள்ள வீட்டில் கூடுதலாக). தராசில் ஒரு குச்சிப் பிடியை வைத்துப் பூஜ்யம் செய்துவிட்டு அதை ஏறவிட்டால் போதும். காலெண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஆண் ஒன்றிரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம், ஒரே பூச்சி அலுத்துப்போனாலும் முகத்தைத் திருப்பும், குட்டி என்றால் அப்படி விட முடியாது. சாப்பாட்டைப் பற்றிய நம் கவலை நிஜமா வீண் கவலையா என்பதைத் தராசு சொல்லிவிடும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் டாக்டருக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் எச்சம். பழுப்புப் பகுதி மலம், வெள்ளைப் பகுதி யூரேட், அதாவது கெட்டியான சிறுநீர்க் கழிவு. வெள்ளையில் ஒரு ஓரம் மஞ்சளாக இருந்தால் பரவாயில்லை, முழுவதும் ஆரஞ்சாக இருந்தால் தண்ணீர் குடிக்கவில்லை. கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரை இவை பெரும்பாலும் தண்ணீராகவே மதிப்பதில்லை, இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். அதனால் தெளிப்பதும் சொட்டவிடுவதும் தவிர வழியில்லை. இங்கே மிச்சிகனில் ஹீட்டர் காற்றில் குளிர்காலம் பூராவும் இதுதான் என் பெரிய தலைவலி. நீண்ட நாள் தண்ணீர் போதாமல் போனால் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் மூட்டுகளில் சேர்ந்து வீங்கும், அது வந்துவிட்டால் மீட்பது கடினம். எச்சம் தண்ணீராக, மூக்கைப் பிடிக்கும் நாற்றத்தோடு இருந்தால் ஒட்டுண்ணிகளுக்குச் சோதிக்க வேண்டும். பூச்சி மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

தாடை ஓரத்தில் மஞ்சளாகக் கட்டி தெரிந்தால் சீழ். ஊர்வனவற்றின் சீழ் வழியாது, பாலாடைக் கட்டி மாதிரி இறுகிவிடும், மாத்திரை மட்டும் போதாது, கீறிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். கழுத்தைச் சுற்றி நீர் கோத்த மாதிரி வீங்கினால் வைட்டமின் பொடி அதிகமாகிவிட்டதா என்றும் யோசியுங்கள். வெறும் கால்சியத்தை ஒவ்வொரு வேளையும் லேசாகத் தூவலாம், டி3யும் வைட்டமின் ஏயும் கலந்ததை மாதம் இரண்டு தடவைக்கு மேல் நான் தூவுவதில்லை. பின்பக்கத்தில் சிவந்த சதை வெளியே வந்து உள்ளே போகாமல் நின்றால், காயாமல் சலைன் நீரால் நனைத்துக்கொண்டே ஓடுங்கள்.

டாக்டரிடம் போகும்வரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: விளக்கடிச் சூடு, யூவிபி, தண்ணீர் மூன்றையும் சரிபார்த்து, கூண்டை அமைதியான இடத்தில் விட்டு, கையில் எடுக்காமல் இருப்பது. பசியோடு இருக்கிறதே என்று வாயைப் பிளந்து ஊட்டக் கூடாது. உடம்பு குளிர்ந்து, நீர் வற்றி இருக்கும்போது உள்ளே போனது செரிக்காது, மூச்சுக்குழலில் போனால் நாமே நிமோனியாவைக் கொடுத்த மாதிரி. நாய் பூனை பார்க்கும் டாக்டர்கள் பலர் பச்சோந்தியைப் பார்ப்பதில்லை. பச்சையப்பனுக்கு நான் முதலில் கூப்பிட்ட இடத்திலும் பார்ப்பதில்லை என்றுதான் சொன்னார்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் ஊர்வன, நீர்நில வாழ்வன மருத்துவர்களின் சங்கமான ஏஆர்ஏவி தளத்தில் உங்கள் ஊருக்கு யார் என்று இப்போதே, பிராணி நன்றாக இருக்கும்போதே, தேடி வைத்துக்கொள்ளுங்கள். "பச்சோந்தி பார்த்திருக்கிறீர்களா" என்று நேராகவே கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்கள் இதையெல்லாம் வைத்துப் புளியமரத்துப் பச்சோந்தியைப் பிடித்து வளர்க்க ஆரம்பித்துவிடாதீர்கள். நம் ஊர்ப் பச்சோந்தி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போகும்போது கூண்டின் படம், விளக்கின் அட்டை, நீங்கள் தூவும் பொடிகளின் டப்பா, எடைக் குறிப்பு, மூச்சு வாங்குவதை எடுத்த வீடியோ எல்லாவற்றையும் கொண்டுபோங்கள், டாக்டர்கள் பாதிக் கேள்வியை அதைப் பற்றித்தான் கேட்பார்கள். குளிர்காலம் என்றால் காரை முன்பே சூடாக்கிவிட்டு, பெட்டியில் பிடித்துக்கொள்ள ஒரு குச்சி வைத்து, மேலே துணி மூடிக் கொண்டுபோகலாம். புதிய எச்சம் கிடைத்தால் ஜிப் பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாயின்ட்மென்ட் மறுநாள்தான் என்றால் அந்தப் பையை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். வைப்பதற்கு முன்னால் மாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஃப்ரீசர் ஊசிவரை பொறுத்துக்கொண்டவர் இதற்குத்தான் இரண்டு நாள் பேசவில்லை.